எபிசோட் எழுத்து வடிவம்: டெக்கிலாவும் நம்ம வேலிக் கத்தாழையும்

(பாட்காஸ்டில் பேசியதன் எழுத்து வடிவம் இது. வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கின்றன. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கான எபிசோட் அல்ல.)

ஓசூர்ல இருந்து பேசறேன். வெளியில லாரி சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க. சிப்காட் பக்கத்துல வீடு எடுத்துட்டு அமைதியை எதிர்பார்க்க முடியாது.

இந்த எபிசோட் பல மாசமா பெண்டிங்ல இருந்தது. உங்கள்ல நிறைய பேர் மெசேஜ்ல கேட்டது ஒரே கேள்விதான்: "ப்ரோ, டெக்கிலாவுல எது நல்லா இருக்கும்? விலை அதிகமா இருந்தா டேஸ்டும் அதிகமா?" நான் தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். காரணத்தை முதல்லயே சொல்லிடறேன்.

எங்க அப்பா இங்க ஒரு ஃபேக்டரியில ஷிஃப்ட் வேலை பார்த்தவர். பல வருஷம் தினமும் குடிச்சார். சம்பள நாள்னா வீட்ல எல்லாருக்கும் வயித்துல ஒரு கல்லு விழும். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி டாக்டர் கல்லீரல் ரிப்போர்ட்டைக் காட்டிப் பேசினதுக்கு அப்புறம் நிறுத்தினார். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் தொடல. அந்த வீட்ல வளர்ந்த பையன் மைக் முன்னாடி உட்கார்ந்து டெக்கிலா ரிவ்யூ பண்ணா எப்படி இருக்கும்? அம்மா கேட்டாங்க: "ஏண்டா, இதுக்கா உன்னை இஞ்சினியரிங் படிக்க வச்சோம்?"

நியாயமான கேள்வி. அதனால இதை ரிவ்யூவா பண்ண வேண்டாம், ஒரு டெஸ்ட்டா பண்ணலாம்னு முடிவு பண்ணேன். டெஸ்ட் எப்படி பண்றதுன்னு இஞ்சினியரிங்லதானே படிச்சோம்.

முதல்ல, டெக்கிலான்னா என்ன?

நம்மள்ல பல பேருக்கு டெக்கிலான்னா ஒரு ஷாட். உப்பை நக்கு, மடக்குனு ஊத்து, எலுமிச்சம்பழத்தைக் கடி, முகத்தைச் சுளி. காலேஜ் முடிச்ச புதுசுல நானும் அப்படித்தான். ஒரு விஷயம் யோசிச்சுப் பாருங்க. ஒரு பொருளைச் சாப்பிடறதுக்கு முன்னாடி உப்பு, பின்னாடி புளிப்பு வேணும்னா, நடுவுல இருக்கிற ருசியை மறைக்கத்தானே அது?

டெக்கிலா ஒரு ஊர்ப் பேர். மெக்சிகோவுல ஹலிஸ்கோ மாநிலத்துல இருக்கு. அந்த ஊரைச் சுத்தி இருக்கிற கத்தாழை வயல்களை 2006ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தாங்க. 1974லயே டெக்கிலாங்கிற பேருக்கு மெக்சிகோ அரசு சட்டப் பாதுகாப்பு கொடுத்துடுச்சு. ஹலிஸ்கோவும், இன்னும் நாலு மாநிலங்கள்ல குறிப்பிட்ட பகுதிகளும் மட்டும்தான் அந்தப் பேரை வைக்க முடியும். செடியும் ஒரே வகைதான்: நீல அகாவே. நம்ம திண்டுக்கல் பூட்டு, காஞ்சிபுரம் பட்டு மாதிரி புவிசார் குறியீடு. இந்தியாவுலயும் டெக்கிலாங்கிற பேர் அப்படிப் பதிவாகியிருக்கு. அந்தப் பதிவு அலுவலகம் எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? சென்னை கிண்டியில.

செய்முறையைச் சுருக்கமா சொல்றேன். அகாவே முத்த ஆறு, ஏழு வருஷம் ஆகும். முள்ளு மடலை எல்லாம் சீவி எடுத்தா நடுவுல பெரிய அன்னாசிப்பழம் மாதிரி ஒரு தண்டு இருக்கும். அதை அவிக்கணும். பச்சைத் தண்டுல இருக்கிற மாவுச்சத்து மாதிரியான இனுலினை ஈஸ்ட்டால நேரடியா நொதிக்க வைக்க முடியாது. சூட்டுல அது உடைஞ்சு சர்க்கரையா மாறும். சக்கரவள்ளிக் கிழங்கை அவிச்சதும் இனிப்பு ஏறுது பாருங்க, அந்த மாதிரி. அப்புறம் பிழிஞ்சு, சாறைப் புளிக்க வச்சு, ரெண்டு தடவை காய்ச்சி வடிப்பாங்க.

வடிச்ச உடனேயோ ரெண்டு மாசத்துக்குள்ளயோ பாட்டில்ல போட்டா பிளாங்கோ. ரெண்டு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும் ஓக் மரத்துல வச்சா ரெபோசாதோ. ஒண்ணுல இருந்து மூணு வருஷம்னா அன்யேஹோ. மூணு வருஷத்துக்கு மேல வச்சா எக்ஸ்ட்ரா அன்யேஹோ.

இதை விட முக்கியமா கடையில பார்க்க வேண்டியது ஒரே வரிதான். லேபிள்ல "100% அகாவே"ன்னு இருக்கா? இல்லைன்னா, சட்டப்படி 51 சதவீத சர்க்கரை அகாவேயில இருந்து வந்தா போதும். மீதி 49 சதவீதம் கரும்பு மாதிரி வேற எதுல இருந்தும் வரலாம். இதுக்கு மிக்ஸ்டோன்னு பேர். "கோல்ட்"னு பளபளன்னு இருக்கிறதுல நிறைய இந்த வகை. அந்தத் தங்க நிறம் மரத்துல ஊறித்தான் வந்திருக்கணும்னு இல்லை, கேரமல் கலர்ல இருந்தும் வரலாம். முதல் தடவை டெக்கிலா குடிச்சு "இதுக்கா இவ்ளோ பில்டப்"னு நீங்க நினைச்சிருந்தா, குடிச்சது பெரும்பாலும் இதுவா இருக்கும்.

நம்ம வேலியில நிக்கிற செடி

இப்போ இந்த எபிசோடை நான் பண்ணதுக்கான நிஜக் காரணத்துக்கு வர்றேன்.

அகாவே வேற நாட்டுச் செடி, நமக்கு என்ன சம்பந்தம்னு நினைக்கிறீங்களா? ஓசூர்ல இருந்து ராயக்கோட்டை, தருமபுரி பக்கம் ரயில்ல போயிருக்கீங்களா? பாதையோரமா, காட்டு வேலியோரமா ஆள் உயரத்துல நீல பச்சை மடலோட, நுனியில ஊசி மாதிரி முள்ளோட நிக்கும் பாருங்க. நாம ஆனைக் கத்தாழைன்னு சொல்றோம், சில பேர் ரயில் கத்தாழைன்னு சொல்வாங்க. அதுதான் அகாவே. நீல அகாவே இல்லை, அதோட பங்காளி: அகாவே அமெரிக்கானா. இதுவும் மெக்சிகோ பக்கத்துல இருந்து வந்ததுதான். ஆடு மாடு தாண்டாத வேலின்னு நட்டு, நட்டு, இப்போ நம்ம ஊர்ச் செடியாவே ஆயிடுச்சு.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். முகத்துக்குப் பூசற சோத்துக் கத்தாழை வேற. அதுக்கும் இதுக்கும் நெருங்கின சொந்தம் கிடையாது.

இந்த வேலிச் செடியைப் பார்த்து ஒருத்தர் வேற மாதிரி யோசிச்சார். டெஸ்மண்ட் நசரேத். ஐஐடி மெட்ராஸ்ல படிச்சவர், அமெரிக்காவுல சாஃப்ட்வேர்ல இருந்தவர், அதாவது நம்ம கேஸ்தான். இந்தியா திரும்பினப்போ, நண்பர்களுக்கு மார்கரிட்டா கலந்து கொடுக்க நல்ல டெக்கிலா கிடைக்கல. தக்காணத்துல பார்த்த கத்தாழை ஞாபகத்துக்கு வந்தது. பல வருஷம் ஆராய்ச்சி பண்ணி, ஆந்திராவுல சித்தூர் வட்டாரத்துல சின்னதா ஒரு வடிசாலை கட்டினார். 2011ல "டெஸ்மண்ட்ஜி"ங்கிற பேர்ல கோவாவுல விற்பனை ஆரம்பிச்சது. 100% அகாவே ஒண்ணு, கரும்புச் சாராயம் கலந்த 51% ஒண்ணு.

சித்தூர்னா எங்க? நம்ம கிருஷ்ணகிரி மாவட்ட எல்லையைத் தாண்டினா குப்பம், அதுவே சித்தூர் மாவட்டம்தான். நம்ம காட்டுல நிக்கிற அதே மண்ணு, அதே வெயில், அதே செடி. ஆனா பாட்டில்ல டெக்கிலான்னு போட முடியாது. "அகாவே ஸ்பிரிட்"னுதான் போடணும். பேர் அவங்களோடது, செடி நம்ம வேலியில.

இப்போ மாயா பிஸ்டோலான்னு இன்னொரு இந்திய பிராண்டும் இருக்கு. தக்காணத்து அகாவேயை வச்சு கோவாவுல தயாரிக்கிறாங்க. மரத்துல ஊறின ரெபோசாதோவும் அவங்ககிட்ட இருக்கு.

அப்போ கேள்வி இப்படி மாறுது: விலையையும் லேபிளையும் மறைச்சுட்டா, நம்ம வேலிச் செடியும் ஹலிஸ்கோ செடியும் நாக்குக்கு வித்தியாசமா தெரியுமா?

டெஸ்ட் செட்டப்

இடம்: எலக்ட்ரானிக் சிட்டி பக்கத்துல நண்பன் ஃபிளாட். ருசி பார்க்கிறவங்க நாலு பேர். அஞ்சாவது ஆள்தான் இதுல ஹீரோ. அவன் குடிக்கவே மாட்டான். ஊத்தறது, நம்பர் எழுதறது, ரிசல்ட் வச்சிருக்கிறது எல்லாம் அவன் பொறுப்பு.

பாட்டில் அஞ்சு. ஒண்ணு, 100% அகாவேன்னு போடாத ஒரு கோல்ட். அது பேரைச் சொல்லல, விடுங்க. ரெண்டு, பட்ரோன் சில்வர். மூணு, டான் ஹூலியோ ரெபோசாதோ. நாலு, டெஸ்மண்ட்ஜி 100% அகாவே. அஞ்சு, பிஸ்டோலா ரெபோசாதோ. எல்லாம் கர்நாடகாவுல வாங்கினது. காசை அஞ்சு பேரும் பங்கு போட்டோம், குடிக்காதவனும் போட்டான். அவனுக்கு இன்னும் ஒரு பிரியாணி கடன்.

முறை: முக்கோண டெஸ்ட். உணவு கம்பெனிகள்ல நிஜமாவே இதைப் பண்றாங்க. மூணு டம்ளர் வைப்பாங்க. ரெண்டுல ஒரே சரக்கு, ஒண்ணுல மட்டும் வேற. எது வேறன்னு சொல்லணும். எது நல்லா இருக்குன்னு கேள்வியே கிடையாது. குருட்டாம்போக்குல சொன்னாலும் மூணுல ஒரு வாய்ப்பு சரியா வரும். அதனால எத்தனை பேர் சரியா சொன்னாங்கன்னு வச்சு, அது அதிர்ஷ்டமா நிஜமான்னு கணக்குப் போடலாம்.

நிறம் தெரியக் கூடாதுன்னு எவர்சில்வர் டம்ளர், லைட்டையும் குறைச்சாச்சு. அளவு ஒவ்வொண்ணும் அஞ்சு மில்லி. இருமல் சிரப் பாட்டில் மூடியில அளந்தோம். நடுநடுவுல தண்ணி, உப்பில்லாத பொரி. உப்பு, எலுமிச்சைக்குத் தடை. சாப்பிட்டுட்டுத்தான் உட்கார்ந்தோம்.

ரிசல்ட்

முதல் ரவுண்ட்: பேர் சொல்லாத கோல்டும் பட்ரோன் சில்வரும். நாலு பேரும் சரியா கண்டுபிடிச்சோம். குருட்டாம்போக்குல நாலு பேரும் சரியா சொல்ல 81ல ஒரு வாய்ப்புதான். அதனால வித்தியாசம் நிஜம்னு நம்பறேன். என் நோட்டுல எழுதியிருந்தது: ஒண்ணுல முதல்ல மிட்டாய் இனிப்பு, அப்புறம் தொண்டையில எரிச்சல். இன்னொண்ணுல மிளகு, எலுமிச்சைத் தோல், அடியில அவிச்ச கிழங்கு வாசம்.

ரெண்டாவது ரவுண்ட்: டான் ஹூலியோ ரெபோசாதோவும் பிஸ்டோலா ரெபோசாதோவும். மெக்சிகோ ஒரு பக்கம், தக்காணம் ஒரு பக்கம். மூணு பேர் சரி, ஒருத்தர் தப்பு. அந்த ஒருத்தர் நான்தான். மூணோ அதுக்கு மேலயோ அதிர்ஷ்டத்துல வர 9ல ஒரு வாய்ப்பு இருக்கு. அதனால "கண்டிப்பா தெரியும்"னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்லை. மரம் உள்ள வந்ததும் வெனிலா, வறுத்த பாதாம் வாசம் எல்லாம் ஏறி, செடியோட சொந்த வாசம் கொஞ்சம் பின்னால போயிடுது. எனக்கு வித்தியாசம் தெரியாமப் போனதுக்கு அதுதான் காரணம்னு சொல்லிக்கிறேன்.

மூணாவது ரவுண்ட்ல எது பிடிச்சதுன்னு மட்டும் கேள்வி. பட்ரோன் சில்வரும் டெஸ்மண்ட்ஜி 100 சதவீதமும், ஆளுக்குப் பத்து பத்து மில்லி. இதுல பெரிய வித்தியாசம் தெரிஞ்சது. பட்ரோன் வழுவழுன்னு, சிட்ரஸ் தூக்கலா இருந்தது. டெஸ்மண்ட்ஜியில பச்சை வாசம், மழை பெஞ்ச மண்ணு, லேசா ஒரு கசப்பு. ஓட்டு ரெண்டுக்கு ரெண்டு. நான் எதுக்குப் போட்டேன்னா, டெஸ்மண்ட்ஜிக்கு. டம்ளரைத் திருப்பி நம்பரைப் பார்க்கிற வரைக்கும் எனக்கு அது எதுன்னு தெரியாது. ஏன் பிடிச்சதுன்னும் அப்போ தெரியல.

ஆக, உங்க கேள்விக்கு என் பதில். மிக்ஸ்டோல இருந்து 100% அகாவேக்கு மாறினா வித்தியாசம் நிச்சயம் தெரியும். அதுக்கு மேல விலை ஏறறது பெரும்பாலும் உங்க விருப்பம், பாட்டில் அழகு, வரி. செடியோட ருசி தெரியணும்னா பிளாங்கோவுல ஆரம்பிங்க. நாலு பேர் வச்சுப் பண்ண டெஸ்ட் இது, பெரிய ஆராய்ச்சி எல்லாம் கிடையாது. அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

மூணு எச்சரிக்கை

ஒண்ணு, பார்டர். அத்திப்பள்ளியில வாங்கி ஜூஜூவாடி தாண்டறது நமக்கெல்லாம் பத்து நிமிஷ வேலை. ஆனா பர்மிட் இல்லாம வெளி மாநிலச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள்ள கொண்டு வர்றது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். 1937ல போட்ட சட்டம், இன்னிக்கும் நடைமுறையில இருக்கு. ஒரு பாட்டிலுக்காக வேலை, பாஸ்போர்ட்டுன்னு எல்லாத்துலயும் சிக்கல் தேடிக்காதீங்க. எங்க மீதி பாட்டில் எல்லாம் அந்த ஃபிளாட்லயே இருக்கு.

ரெண்டு, வண்டி. நைட்டு அங்கேயே தங்கி, காலையில பஸ் பிடிச்சு வந்தேன். அளவு கம்மிதான், ஆனாலும் வண்டி எடுக்கல.

மூணு, "வேலியில கத்தாழை இருக்கே, நாமளே காய்ச்சலாமா"ன்னு கமெண்ட் வரும்னு தெரியும். வேண்டாம். பச்சைச் சாறு தோல்ல பட்டாலே அரிச்சுக் கொப்பளிக்கும். வீட்ல காய்ச்சறது சட்டப்படி குற்றம். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயத்தால 60க்கும் மேற்பட்டவங்க செத்துப் போனாங்க. இதுல விளையாட்டே கிடையாது.

அப்பா சொன்னது

மறுநாள் வீட்டுக்கு வந்தேன். அப்பாகிட்ட மறைக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருந்தேன். மறைச்சுக் குடிக்கிறது எங்க ஆரம்பிச்சு எங்க முடியும்னு எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும்.

"எவ்ளோடா குடிச்சே?"

"மொத்தம் அம்பது மில்லிப்பா. மூணு மணி நேரத்துல."

சிரிச்சார். "அம்பதா? அதை நான் பஸ் ஸ்டாண்ட்ல நின்னுக்கிட்டே முடிச்சிருப்பேன்." கொஞ்ச நேரம் கழிச்சு, "எனக்கு ருசி என்னன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுடா. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஊத்தினதுதான்"ன்னு சொன்னார்.

நான் கத்தாழைக் கதையைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவர் பிறந்த ஊர்ல சின்ன வயசுல கத்தாழை மடலை வெட்டி, குட்டைத் தண்ணியில ஊறப்போட்டு, கல்லுல அடிச்சு நார் எடுப்பாங்களாம். மாட்டுக்குக் கயிறு, கிணத்துக்குக் கயிறு எல்லாம் அதுலதான். "கை பூரா அரிக்கும். ஊறின மடலோட நாத்தம் ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. ஆனா புதுசா வெட்டினப்போ ஒரு வாசம் வரும் பாரு, பச்சையா, லேசாக் கசப்பா, மழை பெஞ்ச மாதிரி."

நான் என் நோட்டை எடுத்துக் காட்டினேன். மூணாவது ரவுண்ட். நான் எழுதியிருந்ததும் கிட்டத்தட்ட அதேதான். சின்ன வயசுல லீவுக்கு ஊருக்குப் போனப்போ அந்த வேலியோரமாத்தான் நாங்க விளையாடுவோம். அந்த வாசம் எனக்கும் எங்கேயோ உள்ள இருந்திருக்கு.

இன்னொண்ணும் சொன்னார். கத்தாழை ஒரே ஒரு தடவைதான் பூக்கும். பத்து வருஷமோ அதுக்கு மேலயோ சேர்த்து வச்ச சத்தை எல்லாம் ஒரே கம்பத்துல ஏத்தி, பூத்து முடிச்சதும் செத்துடும். சாராயத்துக்கு அறுக்கிறவங்க அந்தக் கம்பம் முழுசா எழும்ப விடமாட்டாங்க. அந்தச் சர்க்கரைதான் அவங்களுக்கு வேணும். அப்பா ஊர்ல இப்போ அந்த வேலி இல்லை. லேஅவுட் போட்டு, கல்லு நட்டு, கத்தாழையை ஜேசிபி வச்சு வழிச்சு எறிஞ்சுட்டாங்க.

எனக்கு இதுல ஒரு பாடம் இருக்கு, உங்களுக்கும் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. பத்து வருஷம் வளர்ந்த ஒரு செடியை ஒரு செகண்ட்ல உப்பு போட்டு முழுங்கறதுக்கு எனக்கு இனிமே மனசு வராது. அப்புறம், குடிகாரர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு ஒரு பயம் எப்பவும் இருக்கும்: நமக்கும் அது வந்துடுமோன்னு. அந்தப் பயம் எனக்குப் போகல, போகவும் வேண்டாம். அதனாலதான் அளந்தேன், அதனாலதான் ஆள் வச்சு எழுதினேன். என்னிக்காவது அளக்காம ஊத்தத் தோணுச்சுன்னா, அன்னிக்கு நிறுத்திடணும். இதை அப்பா முன்னாடியே சொல்லிட்டேன். அவர் ஒண்ணும் சொல்லல, தலையை மட்டும் ஆட்டினார்.

நீங்க குடிக்காதவங்கன்னா ஆரம்பிக்க இந்த எபிசோட் ஒரு காரணமே இல்லை. எங்க டெஸ்ட்ல ரொம்ப ஜாலியா இருந்தது ஊத்திக் கொடுத்தவன்தான். நீங்களோ உங்க வீட்ல யாரோ நிறுத்த முடியாமத் தவிக்கிறீங்கன்னா, 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல உதவி எண். தமிழ்லயும் பேசுவாங்க.

அடுத்த எபிசோட்ல அம்மாவோட வேண்டுகோள்: ஓசூர் ரோஜா ஏற்றுமதி. இந்தத் தடவை அளக்க சிரப் மூடி தேவைப்படாதுன்னு நினைக்கிறேன். பார்க்கலாம்.